கரியின் மூன்றாவது பிள்ளை

அடுப்புக் கரியைக் கண்டால் முகத்தைச் சுளிக்கிறோம். வைரத் தோட்டைக் கண்டால் முகம் மலர்கிறோம். இரண்டும் கார்பன் என்னும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பது ரஸாயன சாஸ்திரிகளுக்கு 1797-லேயே தெரிந்துவிட்டது. பிற்காலத்தில் இந்தக் குடும்பத்தில் பிறந்த இன்னொரு பிள்ளையை இவ்வாரம் நேயர்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புகிறோம்.

பென்ஸிலின் நடுவே இருக்கும் கிராபைட்டில் கார்பன் அணுக்கள் அப்பளக் கட்டைப்போல் தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கின்றன. ஒரு தட்டு மற்றொன்றின்மேல் சுலபமாய் நழுவும். ஆகவே அது மிருதுவானது. வைரத்திலோ ஒவ்வோர் அணுவும் அண்டையிலுள்ள நான்கு அணுக்களை இறுகப் பற்றியிருக்கிறது. ஆகவே அது கடினமானது. இவ்விரு பிணைப்புகளும் கலந்த மெல்லிய படலம் ஒன்றை 1971-ல் அமெரிக்காவில் ஐஸன்பர்க், சாபோ என்ற இருவர் செய்து காட்டினார்கள். மின்சாரம் ஏறிய கார்பன் அணுக்களை வெற்றிடத்தில் வேகமாக ஒரு பரப்பின்மேல் மோதச் செய்தார்கள். படிந்த பூச்சு கண்ணாடியையே கீறியது! 'வைரம் போன்ற கார்பன்' என்பது அதன் பெயராயிற்று.

இதனால் உலகத்துக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். யந்திரங்களில் ஒன்றோடொன்று உராயும் பாகங்களால் உலகம் செலவிடும் சக்தியில் 23 சதவிகிதம் போகிறது என்று ஹோம்பெர்க், எர்டெமிர் என்ற விஞ்ஞானிகள் 2017-ல் மதிப்பிட்டார்கள். அதில் 20 பங்கு உராய்வை வெல்வதற்கு. 3 பங்கு தேய்ந்த பாகங்களைப் புதிதாய்ச் செய்வதற்கு. களஞ்சியத்தில் நூறு படி நெல் இருக்க, இருபத்து மூன்று படியை எலி தின்றால் நாம் சும்மா இருப்போமா?

ஆனால் பூச்சைக் கடினமாகச் செய்துவிட்டால் மட்டும் போதாது. கடினம் மிகுந்த படலத்தில் உள்ளிறுக்கமும் மிகுகிறது. கனமாகப் பூசினால், சுவரோடு ஒட்டாத காரைபோல் பெயர்ந்து விழும். அதனால்தான் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு கனத்துக்கே பூசுகிறார்கள்; அதன் அடியில், பிடிமானத்துக்காக, குரோமியம் அல்லது ஸிலிக்கன் படலம் ஒன்றையும் இடுகிறார்கள்.

அடுத்த தொல்லை காற்று. சிகாகோவுக்கு அருகிலுள்ள ஆர்கோன் ஆராய்ச்சிசாலையில் எர்டெமிரும் அவர் சகாக்களும் 1990-களில் ஹைட்ரஜன் மிகுந்த பூச்சு ஒன்றைத் தயாரித்தார்கள். அணுக்களின் வெளியே நீண்ட கைகளை ஹைட்ரஜன் மூடிவிடுவதால், எதிரிலுள்ள பரப்பைப் பற்ற அவற்றுக்குக் கையில்லை. உலர்ந்த நைட்ரஜன் வாயுவில் அதன் உராய்வு எண் சுமார் 0.001. அதாவது ஆயிரம் கிலோ சுமையை ஒரு கிலோ விசையால் நகர்த்திவிடலாம். ஈரக் காற்றுப் பட்டதோ இல்லையோ, உராய்வு பல மடங்கு ஏறிவிடுகிறது! ஹைட்ரஜன் இல்லாத பூச்சின் சுபாவம் இதற்கு நேர் எதிர்: ஈரமோ எண்ணெயோ இருந்தால்தான் அது சமர்த்தாக நடந்துகொள்ளும். உஷ்ணமும் ஒரு பகை. 300, 400 டிகிரி சென்டிகிரேடை எட்டினால், இந்த வகைப் பூச்சுகள் பலவற்றில் வைரக் குணம் குறைந்து கிராபைட் குணம் தலைதூக்குகிறது.

இத்தனை தொல்லைகளுக்கும் ஈடுகொடுத்து இந்தப் பிள்ளை உத்தியோகத்தில் அமர்ந்துவிட்டது. 1998-ல் வெளிவந்த 'மாக் 3' சவர பிளேடின் விளிம்பில் அது ஏறியது. கம்ப்யூட்டரின் சுழல்தட்டுகளைக் காக்கிறது. டீஸல் எஞ்சினுக்குள் எண்ணெயைப் பீச்சும் பாகங்களைத் தேயாமல் தாங்குகிறது. எண்ணெய்க்கு விடுமுறை கொடுக்க அது வரவில்லை; பெரும்பாலான எஞ்சின்களில் எண்ணெயோடு கூட்டாகவே உழைக்கிறது.

ஆகையால், விளம்பரங்களில் 'வைரம் போன்ற கார்பன்' என்ற சொற்களைக் காணும் நேயர்கள், "எவ்வளவு கடினம்?" என்று கேட்டு மயங்கிவிட வேண்டாம். "எதன்மேல் பூசியது? எந்தக் காற்றில், எந்தச் சூட்டில் உழைக்கும்?" என்று கேளுங்கள். விற்பவர் பதில் சொன்னால் பணப்பையைத் திறக்கலாம். விழித்தால், மூடியபடியே திரும்பிவிடலாம்.