மஞ்சள் ஒயருக்கு ஓட்டை எங்கே?

உங்க வீட்டு டிவிக்குப் பின்னாடி என்னைக்காவது எட்டிப் பார்த்திருக்கீங்களா? தூசியும் பல்லி முட்டையும்தான் இருக்கும்னு நினைக்காதீங்க. நாலு செமஸ்டர்ல நான் படிக்காத பாடம் ஒண்ணு அங்கேதான் இருந்தது.

எங்க அம்மா பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். போன தீபாவளி போனஸ்ல 32 இன்ச் டிவி ஒண்ணு வாங்கினாங்க. அதுவரைக்கும் எங்க லைன் வீட்ல ஓடினது, 2006-ல் ஆரம்பிச்ச இலவச கலர் டிவி திட்டத்துல பாட்டி வீட்டுக்கு வந்த 14 இன்ச் பெட்டி டிவிதான். கடைக்காரப் பையன் வந்து புது டிவியைச் செவுத்துல மாட்டினான். "கேபிள் கனெக்‌ஷன் எல்லாம் கேபிள்காரரைக் கூப்பிட்டுக்குங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டான். கேபிள்கார அண்ணனுக்கு போன் பண்ணினா, "புது டிவியில பின் இல்லீனா நான் என்னங்க பண்றது, கடையில கேளுங்க"ன்னாரு.

விஷயம் இதுதான். எங்க செட்டாப் பாக்ஸ்ல சிவப்பு, வெள்ளை, மஞ்சள்னு மூணு ஓட்டை. புது டிவியில அந்த மூணுமே இல்லை. இரண்டு ஹெச்டிஎம்ஐ, ஒரு யுஎஸ்பி, ஒரு ஆன்டெனா, 'ஏவி இன்'னு எழுதின ஒரு ஹெட்போன் ஓட்டை. அவ்வளவுதான். மஞ்சள் ஒயரைக் கையில புடிச்சுக்கிட்டு நின்ன என்னைப் பார்த்து அம்மா கேட்டாங்க: "நீ இ.சி.இ. தானே கண்ணு படிக்கிற?"

அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் கோபமும் கலந்திருக்கும், பொறுத்துக்குங்க.

முதல்ல தொழில்நுட்பம். அந்த ஹெட்போன் மாதிரி ஓட்டைதான் பழைய மூணு ஓட்டைக்கும் சேர்த்து வெச்ச மாற்று. 3.5 மி.மீ. பின் ஒரு முனையிலும் மூணு நிற ஒயர் மறுமுனையிலும் இருக்கிற ஒரு சின்ன கேபிள் வேணும். அந்தப் பின்னுல நாலு பட்டை இருக்கும்: இடது ஒலி, வலது ஒலி, படம், கிரவுண்ட். எந்தப் பட்டையில எதுங்கிறதுல எல்லாக் கம்பெனியும் ஒத்துப்போறதில்லை. நான் முதல்ல வாங்கின கேபிள்ல படமே வரலை, ஸ்பீக்கர்ல 'உர்ர்'ன்னு ஒரு சத்தம் மட்டும்தான். ஒரு விஷயம் தெரிஞ்சுக்குங்க: கிரவுண்ட் சரியான இடத்துல இருந்து மத்தது மட்டும் மாறியிருந்தா, மஞ்சளைச் சிவப்புல சொருகிப் பார்த்தாலே படம் வந்துடும். கிரவுண்டே இடம் மாறியிருந்தா என்ன பண்ணினாலும் வராது, வேற கேபிள்தான். சில டிவியில மஞ்சளும் பச்சையும் ஒரே ஓட்டையில இருக்கும். அங்கே சோர்ஸ்ல 'ஏவி'க்குப் பதிலா 'காம்போனென்ட்'னு வெச்சுட்டா படம் கறுப்பு வெள்ளையில வரும். "புது டிவியே ரிப்பேர்"னு பதறவேண்டாம்.

எங்க வீட்ல ரெண்டாவது கேபிள்ல படம் வந்துச்சு. ஆனா செய்தி வாசிக்கிறவங்க எல்லாம் ஒரு சுத்து பெருத்துட்டாங்க! பாக்ஸ் 4:3 அளவுல அனுப்புது, டிவி அதை 16:9-க்கு இழுத்து நீட்டுது. பாக்ஸ் மெனுவுல 'ஆஸ்பெக்ட் ரேஷியோ'வை மாத்தினா சரியாகும். அதுக்கப்புறமும் படம் மங்கல்தான். ஏன்னா அந்த மஞ்சள் ஒயர்ல வர்ற படத்துல அதிகபட்சம் 720 × 576, அதாவது சுமார் 4.15 லட்சம் புள்ளிகள்தான். எங்க டிவி திரையில 1366 × 768, கிட்டத்தட்ட 10.5 லட்சம் புள்ளிகள். மீதியை டிவியே ஊகிச்சு நிரப்பணும். ஃபுல் ஹெச்டி டிவின்னா சரியா அஞ்சு மடங்கு. போதாததுக்கு வெளிச்சமும் நிறமும் ஒரே ஒயர்ல கலந்து வருது. அதனாலதான் யாராவது நெருக்கமா கோடு போட்ட டி-ஷர்ட்டோட வந்தா அதுமேல வானவில் நெளியுது. எங்க அம்மா பார்த்துட்டு, "துணியில சாயம் ஓடிருச்சு"ன்னாங்க. சாயம் துணியில ஓடலை, ஒயர்லதான் ஓடிச்சு.

சரி, ஹெச்டிஎம்ஐ இருக்கிற பாக்ஸ் வாங்கிடலாம்னு முடிவு பண்ணினோம். பழைய பாக்ஸைத் திருப்பி எடுத்துக்க மாட்டாங்களாம். புதுசுக்கு 1,500 ரூபாய். அம்மாவுக்கு அது கிட்டத்தட்ட மூணு ஷிப்ட் சம்பளம். ஒரு சனிக்கிழமை சம்பளக் கவர்ல இருந்து எடுத்துக் கொடுத்தாங்க. படம் பளிச்சுன்னு வந்துச்சு. மூணே மாசம். வாடகை ஏத்தினதால அங்கேரிப்பாளையத்துல இருந்து மங்கலம் ரோட்டுக்கு வீடு மாத்தினோம். அந்த ஏரியா கேபிள் வேற ஆளோடது. "இந்த பாக்ஸ் எங்க லைன்ல எடுக்காதுங்க, புதுசு வாங்கணும்"னு சொல்லிட்டாரு.

இப்போ எங்க வீட்டு அட்டத்துல நல்லா வேலை செய்யற ரெண்டு பாக்ஸ் தூங்குது. மூணாவதுல சீரியல் ஓடுது.

கட்டுரையோட முக்கியமான கேள்வி இங்கதான் ஆரம்பிக்குது. வீடு மாறினா ஃபேன் சுத்துது, மிக்ஸி ஓடுது, சிம் கார்டு எடுக்குது. இந்த ஒரு பெட்டி மட்டும் ஏன் செத்துப்போகுது?

பொறியியல் காரணம் பெருசா ஒண்ணுமில்லை. கேபிள்ல வர்ற சிக்னல் பெரும்பாலும் டிவிபி-சி. அது பொதுத்தரம். படத்தைச் சுருக்கி அனுப்பற எம்பெக்-4, அதுவும் பொதுத்தரம். வித்தியாசப்படறது ஒரே ஒரு இடத்துலதான். சந்தா கட்டினவங்க மட்டும் பார்க்கணும்னு சிக்னலைப் பூட்டி அனுப்பறாங்க, ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு பூட்டு போடுது. அதைத் திறக்கிற சாவியை பாக்ஸுக்குள்ளேயே பதிச்சு வெச்சுடறாங்க. பூட்டை மாத்தினா சாவியை மட்டும் மாத்தலாம், வீட்டையே இடிச்சுக் கட்ட வேண்டியதில்லை. நாம வீட்டை இடிச்சுக்கிட்டு இருக்கோம்.

அமெரிக்காவுல 2009 ஜூன் 12-ம் தேதி பெரிய டிவி நிலையங்கள் எல்லாம் அனலாக் ஒளிபரப்பை நிறுத்தின. பழைய டிவி வெச்சிருந்தவங்க கன்வெர்ட்டர் பாக்ஸ் வாங்க, வீட்டுக்கு ரெண்டு கூப்பன் வரைக்கும், ஒவ்வொண்ணும் 40 டாலர்னு அரசாங்கமே கொடுத்துச்சு. அந்தப் பெட்டி இலவச ஒளிபரப்பை மாத்திக் கொடுக்கற பெட்டி, எந்த ஊருக்குத் தூக்கிட்டுப் போனாலும் வேலை செய்யும். நம்ம நாட்டுல 2011-ல் கேபிள் சட்டத்தைத் திருத்தி, நாலு கட்டமா டிஜிட்டலுக்கு மாத்தினாங்க. கடைசிக் கட்டத்தோட கெடு 2017 மார்ச் 31. தமிழ்நாட்டுல அரசு கேபிள் அந்த வருஷம்தான் டிஜிட்டல் உரிமம் வாங்கி, பெட்டிகளை இலவசமா கொடுக்க ஆரம்பிச்சது. நல்ல காரியம். ஆனா யார் கொடுத்த பெட்டியா இருந்தாலும், கொடுத்தவங்க லைன்ல மட்டும்தான் ஓடும்ங்கிற நிலைமை மாறலை.

இதை யாருமே கவனிக்கலைன்னு சொல்ல முடியாது. 2020 ஏப்ரல்ல தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், பாக்ஸ்கள் நிறுவனம் விட்டு நிறுவனம் மாறி வேலை செய்யணும்னு பரிந்துரை செஞ்சது. சாவியை மட்டும் பென் டிரைவ் மாதிரி ஒரு யுஎஸ்பி துண்டுல வெச்சுக்கலாம், டிவியிலேயே அதுக்கு இடம் வைக்கணும்னும் சொன்னது. ஐரோப்பாவுல டிவிக்குப் பின்னாடி இப்படி அட்டை சொருகற இடம் பல வருஷமாவே இருக்கு. பரிந்துரை வந்ததுக்கு அப்புறம் எங்க அட்டத்துல பெட்டி எண்ணிக்கை கூடியிருக்கு, அவ்வளவுதான்.

எதிர்வாதம் என்னன்னு எனக்கும் தெரியும். "சாவியை வெளியே கொடுத்தா திருட்டு இணைப்பு பெருகும், பாதி விலைக்குப் பெட்டி கொடுக்கிறவன் அதை வேறொருத்தன் லைன்ல ஓட விடுவானா"ன்னு கேட்பாங்க. ரெண்டுலயும் நியாயம் இருக்கு. திருட்டுக்குப் பதில், சிம் கார்டு. அதுவும் தனியா எடுத்து மாத்தற சாவிதான், அதுக்காக செல்போன் கம்பெனிகள் மூடிடலை. 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க நம்பரையே மாத்தாம கம்பெனி மாறிக்கிறோமே! பாதி விலை வாதத்துக்குப் பதில், வாடகை. பெட்டி உங்களோடதுன்னா வாடகைக்குக் கொடுங்க, போகும்போது எடுத்துக்கிட்டு டெபாசிட்டைத் திருப்பிக் கொடுங்க. முழுக் காசும் வாங்கினா, அது எங்க பெட்டி. காசு எங்களோடது, பூட்டு உங்களோடதுங்கிறது எந்த ஊர் நியாயம்?

இன்னொரு வாதம் நம்ம ஹாஸ்டல்ல இருந்து வரும்: "இப்ப யாருடா கேபிள் பாக்கறா, ஸ்மார்ட் டிவியில நெட் போட்டுப் பாரு." மச்சி, ஒன்றரை ஷிப்ட் முடிச்சு ராத்திரி வீட்டுக்கு வர்றவங்களுக்கு ரிமோட்ல ஒரு பட்டன் அமுக்கினா படம் வரணும். ஹாட்ஸ்பாட் போட்டு, பாஸ்வேர்டு டைப் பண்ணி, டேட்டா தீர்ந்துடுச்சான்னு பார்க்கிற நேரத்துல சீரியலே முடிஞ்சிருக்கும். பக்கத்து லைன் வீட்ல ஒடிசாக்கார அண்ணன்மார் ஆறு பேர் ஒரே ரூம்ல இருக்காங்க. ஞாயித்துக்கிழமை அவங்களுக்கு இருக்கிற ஒரே சினிமா தியேட்டர் அந்த டிவிதான். வீடு மாறுறதுல நம்மளையே மிஞ்சினவங்க அவங்க. இந்தப் பெட்டி அரசியல்ல ரொம்ப அடிபடறதும் அவங்கதான்.

இதுக்கு நல்ல உதாரணம் நம்ம ஊர்லயே இருக்கு. அம்மா கம்பெனியில சிங்கர் மெஷின்ல ஊசி உடைஞ்சா மெக்கானிக் "எந்த நாட்டு மெஷின்"னு கேட்கறதில்லை. 'டிபி எக்ஸ் 1' ஊசிப் பெட்டியை எடுத்து, துணிக்கு ஏத்த நம்பர் பார்த்து மாட்டிட்டுப் போயிட்டே இருப்பார். போட்டி போடற கம்பெனிகளோட மெஷின்கள்லயும் அதே ஊசி. ஊசி பொதுவா இருக்கிறதால எந்த மெஷின் கம்பெனியும் நஷ்டப்பட்டுடலை, தையலும் நிக்கலை. ஊர் முழுக்க இப்படிப் பொதுத்தரத்துல ஓடுது. அதே ஊர்ல வீட்டுக்குள்ள மட்டும் ஏரியாவுக்கு ஒரு பெட்டி.

அதனால நான் கேட்கறது மூணு விஷயம். டிவி அட்டைப்பெட்டி மேலேயே பின்னாடி என்னென்ன ஓட்டை இருக்குன்னு தமிழ்ல படம் போட்டு எழுதணும், அந்த 3.5 மி.மீ. கேபிளை உள்ளேயே வெச்சுக் கொடுக்கணும். கேபிள்காரர் மாறினா பெட்டி மாறக்கூடாது, டிராய் பரிந்துரை விதியாகணும். அதுவரைக்கும், திருப்பிக் கொடுக்கிற பெட்டிக்குக் காசு திரும்பணும். 2019 பிப்ரவரியில சேனலைத் தேர்ந்தெடுக்கிற உரிமை நமக்கு வந்துச்சு. பெட்டியைக் கையோட எடுத்துட்டுப் போற உரிமையும் வரணும்.

அரசாங்கம் செய்யறப்ப செய்யட்டும். நாம செய்யறதுக்கும் ஒரு வேலை இருக்கு. நம்ம டிபார்ட்மென்ட் லேப்ல மல்டிமீட்டர் இருக்கு, சால்டரிங் அயர்ன் இருக்கு, மூணாவது வருஷத்துல நாப்பது பேர் இருக்கோம். மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை காலேஜைச் சுத்தியிருக்கிற லைன் வீடுகளுக்குப் போவோம். பட்டை மாறின கேபிளைச் சரிபண்ணிக் கொடுக்கலாம், நீட்டின முகத்தைச் சுருக்கலாம். 12 வோல்ட் பாக்ஸுக்கு வேற அடாப்டர் மாட்டி, அது அணைஞ்சு அணைஞ்சு எரியறதைக் கண்டுபுடிச்சுச் சொல்லலாம். எந்த ஒயர் எங்கேன்னு தமிழ்லயும் ஒடியாவுலயும் இந்தியிலயும் ஒரு தாள் அடிச்சு டிவிக்குப் பின்னாடி ஒட்டிட்டு வரலாம். கூடவே, எத்தனை வீட்டு அட்டத்துல எத்தனை பெட்டி சும்மா கிடக்குன்னு எண்ணி எழுதிட்டு வரணும். கோரிக்கை மனுவோட அந்தக் கணக்கையும் சேர்த்து அனுப்பினா, "உங்களுக்கு மட்டும்தான் தம்பி இந்தப் பிரச்சினை"ன்னு யாரும் சொல்ல முடியாது.

எங்க வீட்டுக் கணக்கு ரெண்டு. உங்க வீட்ல எத்தனைன்னு இன்னைக்கே ஸ்டூல் போட்டு ஏறிப் பாருங்க. பேர் கொடுக்க விருப்பம் இருக்கிறவங்க இ.சி.இ. நோட்டீஸ் போர்டுல எழுதிட்டுப் போங்க. முதல் ஞாயிறு மங்கலம் ரோட்டுலதான். டீ எங்க அம்மா செலவு.