குறுகலாய்ப் பேசுங்கோ, அகலமாய்க் கேளுங்கோ

நவம்பர் மாதத்தின் கடைசி முழுச் சனி ஞாயிறு எங்களுக்கு மாரி மழைக் காலம். கரண்ட் போகும், வரும். உலகம் முழுக்க இருக்கிற அமெச்சூர் வானொலிக்காரருக்கோ அது நித்திரை இல்லாத 48 மணித்தியாலம். 'சீக்யூ வேர்ல்ட் வைட்' போட்டியின் மோர்ஸ் பகுதி அப்போதுதான் நடக்கிறது. சர்வதேச நேரப்படி சனிக்கிழமை பூச்சியம் மணிக்குத் தொடங்குவதால் எங்களுக்கு அது விடியக்காலை 5.30.

விதி இலகுவானது. முடிந்தளவு நாடுகளோடு, முடிந்தளவு வலயங்களோடு தொடர்பு எடுக்க வேண்டும். ஒவ்வொரு தொடர்பிலும் அழைப்புக்குறி, 599 என்ற சம்பிரதாய அறிக்கை, வலய எண், அவ்வளவுதான். இலங்கை 22ஆம் வலயம். வேறு கண்டத்து நிலையம் ஒன்றுக்கு 3 புள்ளி. அதோடு ஒவ்வொரு அலைவரிசையிலும் கிடைக்கிற புதிய நாடும் புதிய வலயமும் மொத்தப் புள்ளியைப் பெருக்கும். ஆகவே ஐரோப்பாவில் இருக்கிற ஒருவருக்கு 4எஸ்7 என்று தொடங்கும் இலங்கை அழைப்புக்குறி ஒன்று கிடைப்பது சின்ன விசயம் இல்லை.

எங்களிடம் லைசென்ஸ் இல்லை, செட்டும் இல்லை. ஒரு மடிக்கணினியும் நெதர்லாந்தின் துவென்டே பல்கலைக்கழகத்தில் இயங்கும் இணைய ரிசீவரும்தான் இருந்தன. உலகத்தின் எந்த மூலையில் இருந்தும் எவரும் அதைத் திறந்து, தனக்கு வேண்டிய அதிர்வெண்ணில் வைத்துக் கேட்கலாம். எங்களில் ஒருத்தி சாரணியாக இருந்த காலத்தில் மோர்ஸ் படித்தவள். மற்றவர்கள் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். ஒரு பின்னேரம் முழுக்க அப்படிக் கேட்டதில் எங்களுக்கு விளங்கினதைத்தான் இங்கே எழுதுகிறோம். சொல்ல வருவது ஒன்றுதான்: நெருக்கமான அலைவரிசையில் ஆளுக்கு ஆள் நல்ல ரிசீவர் வாங்குவதால் மட்டும் பிரச்சினை தீராது. அனுப்புகிறவர் தன் சத்தத்தை ஒடுக்க வேண்டும், கேட்கிறவர் தன் காதை அடிக்கடி திறக்க வேண்டும்.

முதலில் நெருக்கம் எவ்வளவு எண்டு பாருங்கோ. 14 மெகாஹேர்ட்ஸ் பகுதியில் மோர்ஸுக்கென்று வழமையாக இருப்பது 14.000 முதல் 14.070 வரை, 70 கிலோஹேர்ட்ஸ். நிலையத்துக்கு 500 ஹேர்ட்ஸ் விட்டால் 140 பேருக்கு இடம். 250 ஹேர்ட்ஸ் விட்டால் 280 பேர். போட்டியில் இருப்பதோ ஆயிரக்கணக்கானோர். திரையில் பார்த்தால் மழைக்கோடுகள் போலச் சிக்னல்கள் நெருக்கி நிற்கின்றன.

மோர்ஸுக்கு உண்மையில் அவ்வளவு அகலம் தேவையில்லை. நிமிடத்துக்கு 30 சொல் வேகத்தில் ஒரு குற்று 40 மில்லிசெக்கன். அந்த வேகத்துக்கு ஏறத்தாழ 120 ஹேர்ட்ஸ் போதும். எங்கள் காதும் இதற்குப் பழக்கப்பட்டதுதான். 500 ஹேர்ட்ஸ் அளவிலான சுருதியில் 100 ஹேர்ட்ஸ் வித்தியாசத்தில் இருக்கிற இரண்டு ஒலிகளைக் காது பிரித்தெடுக்கத் தொடங்கிவிடும். பஸ் நிலையத்தில் நாலு கொண்டக்டர்மார் ஒரே நேரத்தில் கத்தினாலும் எங்கட ஊரின் பேர் மட்டும் காதில் விழுகிறதுதானே. பழகின மோர்ஸ்காரருக்கும் அப்படித்தான்.

பிறகு ஏன் இவ்வளவு அடிபாடு?

அன்று பின்னேரம் மெல்லிய சிக்னல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு பில்டரை 200 ஹேர்ட்ஸ் வரைக்கும் ஒடுக்கினோம். அப்படியும் 'டிக், டிக்' என்று ஒரு சத்தம் அதன் மேல் விழுந்துகொண்டே இருந்தது. பில்டர்தான் சரியில்லை என்று முதலில் நினைத்தோம். பிறகு பில்டரை அங்கும் இங்கும் இழுத்துப் பார்த்தபோது சங்கதி வெளித்தது. கொஞ்சம் தள்ளி மிகப் பலமான நிலையம் ஒன்று இருந்தது. அதன் இரண்டு பக்கமும் ஒரு கிலோஹேர்ட்ஸுக்கு மேல் அந்த 'டிக், டிக்' பரவியிருந்தது. அதே அளவு பலமான இன்னொரு நிலையம் மேலே இருந்தது. அது திரையில் நூல் போல ஒரு கோடு, பக்கத்தில் ஒரு சத்தமும் இல்லை. இரண்டையும் கேட்டது ஒரே ரிசீவர், ஒரே அன்டனா. அப்ப பிழை கேட்கிற பக்கத்தில் இல்லை.

இதைக் கீ கிளிக் என்பார்கள். சிக்னலை எவ்வளவு சடுதியாகத் திறந்து மூடுகிறோமோ அவ்வளவுக்கு அதன் சக்தி பக்கங்களுக்குச் சிதறும். கதவை மெல்லச் சாத்தினால் சத்தம் வீட்டுக்குள் முடியும். அடித்துச் சாத்தினால் அயலட்டைக்கே கேட்கும். ஒவ்வொரு குற்றின் தொடக்கமும் முடிவும் 5 மில்லிசெக்கன் அளவில் மெல்ல ஏறி இறங்கினால் சிக்னல் ஒடுக்கமாக இருக்கும். ஒன்று, இரண்டு மில்லிசெக்கனாகக் குறைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் பாவம். எந்த விலையுயர்ந்த பில்டராலும் இதை நீக்க முடியாது. ஏனெண்டால் அந்தக் கிளிக் வந்து விழுவது நாங்கள் கேட்கிற அதே அதிர்வெண்ணில்தான். பில்டருக்கு அது வேண்டிய சத்தமா வேண்டாத சத்தமா என்று தெரியாது.

'நல்ல ரிசீவர் வாங்கு' என்ற அறிவுரைக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். அமெரிக்காவின் டிரேக் ஆர்-4சி 1970களில் நல்ல பேர் எடுத்த ரிசீவர். பரிசோதனை முடிவுகளும் நன்றாக இருந்தன. ஆனால் மோர்ஸ் போட்டியில் வைத்துக் கேட்டால் திணறியது. ரொப் ஷேர்வுட் என்ற அமெச்சூர் அதன் காரணத்தைத் தேடினார். அக்காலப் பரிசோதனைகளில் இடைஞ்சல் கொடுக்கும் சிக்னல்களை 20 கிலோஹேர்ட்ஸ் தள்ளி வைத்தே அளந்தார்கள். போட்டியிலோ எதிரி 2 கிலோஹேர்ட்ஸுக்குள் நிற்கிறான். ஆர்-4சியின் முதற்கட்ட பில்டர் 8 கிலோஹேர்ட்ஸ் அகலம். ஒடுக்கமான பில்டர் அதற்குப் பின்னால்தான் இருந்தது. அறைக் கதவு ஒடுக்கம், ஆனால் படலை ஆவெண்டு திறந்து கிடக்கு. அடுத்தடுத்து நிற்கிற பலமான சிக்னல்கள் முற்றத்துக்குள் நுழைந்து, ஒன்றோடொன்று கலந்து, இல்லாத சிக்னல்களையும் உண்டாக்கிவிட்டன. 1977இல் அவர் இதை எழுதினார். பிறகு 2 கிலோஹேர்ட்ஸ் இடைவெளியில் அளப்பது வழக்கமாகிவிட்டது. ரிசீவர் செய்கிற கம்பனிகளும் படலையை ஒடுக்கத் தொடங்கின. இன்று அந்த இடைவெளியில் 100 டெசிபலைத் தாண்டுகிற ரிசீவர்கள் இருக்கின்றன.

கேட்கிற பக்கத்தின் வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டது என்பதே எங்கள் கருத்து. இனி ரிசீவரில் கூட்டுகிற ஒவ்வொரு டெசிபலும் பக்கத்து நிலையத்தின் கிளிக்கைத் தெளிவாகக் கேட்கத்தான் உதவும்.

இதில் ஒரு நியாயப் பிரச்சினையும் இருக்கு. 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவில் இருந்து சில வாரங்களில் 360ஐத் தாண்டியது. எங்கட நாட்டில் அமெச்சூர் ஒருவர் வெளிநாட்டு ரிசீவருக்குக் கொடுக்க வேண்டிய விலை அதோடு எங்கேயோ போய்விட்டது. அவருக்குப் போய் 'இன்னும் நல்ல செட் வாங்கும்' என்று சொல்வது, சத்தமாகப் பாட்டுப் போடுகிறவன் அயலவனைப் பார்த்து 'காதுக்குப் பஞ்சு வையும்' என்று சொல்வது போல. போட்டியின் உயர் பிரிவில் 1500 வாட் வரை அனுப்பலாம். 100 வாட்டும் ஒரு கம்பி அன்டனாவும் வைத்திருக்கிறவரை விட அது ஏறத்தாழ 12 டெசிபல் கூட. அந்த 1500 வாட்டோடு கிளிக்கும் சேர்ந்தால், மெல்லிய சத்தங்கள் எல்லாம் அதற்கடியில் போய்விடும். சக்தி கூடியவரின் பொறுப்பும் கூடத்தானே வேண்டும்?

இரண்டாவது விசயம், கேட்கிற பக்கத்தின் பழக்கம் ஒன்று.

இரவானதும் ஐரோப்பிய நிலையம் ஒன்று ஒரே இடத்தில் நின்று 'சீக்யூ' கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ஒருவரும் பதில் சொல்லாத மாதிரி மூன்று தரம் திரும்பத் திரும்பக் கூப்பிட்டது. நாங்கள் அப்போது பில்டரை நன்றாக ஒடுக்கி வைத்திருந்தோம், எங்களுக்கும் ஒன்றும் கேட்கவில்லை. சும்மா 500 ஹேர்ட்ஸுக்குத் திறந்து பார்த்தோம். ஏறத்தாழ 200 ஹேர்ட்ஸ் மேலே, நுளம்பு ரீங்காரம் மாதிரி ஒரு சத்தம். "நாலு, எஸ், ஏழு..." என்று எங்கள் சாரணி எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொல்ல, அறையில் ஒருத்தரும் மூச்சு விடவில்லை. எங்கட நாட்டுக்காரர் ஒருவர்! பில்டரை ஒடுக்கினோம், ஆள் இல்லை. திறந்தோம், திரும்ப வந்தார். அந்த ஐரோப்பியர் நாலாம் தரமும் 'சீக்யூ' என்று அவருக்கு மேலாலேயே கூப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் எங்கட ஆள் விட்டுவிட்டுப் போய்விட்டார். மூன்று புள்ளியும் ஒரு நாடும் கைநழுவிப் போனது அந்த ஐரோப்பியருக்குத் தெரியவே தெரியாது.

ஒடுக்கமான பில்டருக்கு இப்படி ஒரு விலை இருக்கிறது. மற்றவரின் இடைஞ்சலை மறைக்கும்போது, சற்றுத் தள்ளி நின்று கூப்பிடுகிறவரையும் அது மறைத்துவிடும். தள்ளி நின்று கூப்பிடுவது பிழையும் இல்லை. இப்போது எல்லோரும் கணினித் திரையில் ஒரே புள்ளியை அழுத்தி, ஒரே அதிர்வெண்ணில் வந்து ஒருவர் மேல் ஒருவர் விழுகிறார்கள். அந்தச் சனத்துக்குள் 100, 200 ஹேர்ட்ஸ் விலகி நிற்கிற ஒருவரின் சுருதி வேறாகக் கேட்கும். அனுபவக்காரர் வேணுமெண்டே அப்படிச் செய்வார்கள். புதியவர்கள் சரியாக வைக்கத் தெரியாமல் அப்படி வந்து நிற்பார்கள். இருவரையும் இழப்பது கேட்கிறவர்தான். அளவுக்கு மீறி ஒடுக்கினால் வேறு கரைச்சலும் உண்டு. 50 ஹேர்ட்ஸ் பில்டர் ஒன்று 20 மில்லிசெக்கன் அளவுக்கு மணி போல நின்று ஒலிக்கும். வேகமான மோர்ஸில் அது அரைக் குற்று. எழுத்துகள் ஒன்றோடொன்று கரைந்துவிடும்.

'போட்டி எண்டால் போட்டிதான், இடம் பிடித்தவனுக்கு இடம்' என்று சிலர் சொல்வினம். கிளிக் அகலமாக இருந்தால் பக்கத்தில் ஒருவரும் வந்து உட்காரமாட்டார்கள், அதுவும் ஒரு தந்திரம்தானே என்று சிரிக்கிறவர்களும் இருப்பினம். எங்களுக்கு அது பஸ்ஸில் இரண்டு சீற்றுக்குக் காலைப் பரப்பிக்கொண்டு இருக்கிற வேலை. போட்டியின் விதியே அளவுக்கு மீறிய அகலத்தையும் கிளிக்கையும் ஒழுங்கீனம் என்று சொல்கிறது. விதியோடு அதை அளக்கிற வழமையும் வர வேண்டும். எங்களைப் போன்ற வெறும் கேட்பாளர்களே ஒரு மடிக்கணினியில் கண்டுபிடித்த விசயம் இது. போட்டி நடத்துகிறவர்கள் பல இடங்களில் பதிவு செய்து, முன்னணி நிலையங்கள் ஒவ்வொன்றும் எவ்வளவு அகலம் எடுத்தன என்று புள்ளிப் பட்டியலோடு சேர்த்து வெளியிடட்டும். ரிசீவர்களை 2 கிலோஹேர்ட்ஸில் அளந்து பட்டியல் போட்டபோது கம்பனிகள் திருந்தினவே. சிக்னல்களை அளந்து பட்டியல் போட்டால் ஆட்களும் திருந்துவார்கள்.

அதுவரைக்கும் செய்யக்கூடியது செலவில்லாதது. பல நவீன செட்டுகளில் ஏறி இறங்கும் நேரத்தை மெனுவிலேயே மாற்றலாம், அதை மெதுவான பக்கத்தில் வையுங்கோ. அம்பிளிபயரை அளவுக்கு மீறி ஓட்டாதேங்கோ. ஓரிடத்தில் உட்கார முன்னர் 'இங்கே ஆராவது இருக்கினமோ' என்று கேளுங்கோ. மூன்று தரம் கூப்பிட்டும் பதில் இல்லையெண்டால், நாலாம் தரத்துக்கு முன்னர் பில்டரை ஒருக்கால் திறந்து பாருங்கோ.

இது வெறும் விளையாட்டுக் கதை இல்லை. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு தொலைபேசிகள் செயலிழந்திருந்த அம்பாந்தோட்டையில் இருந்து கொழும்போடு குறுகிய அலையில் தொடர்பு வைத்திருந்தவர்கள் இந்த நாட்டின் அமெச்சூர்கள்தான். அப்படியான நாளில் கூப்பிடுகிறவரிடம் 1500 வாட் இருக்காது. சரியான அதிர்வெண்ணில் நிற்க அவருக்கு நேரமும் இருக்காது. மெல்லிய குரலை, அது சற்றுத் தள்ளி நின்றாலும், கேட்டுப் பழகுகிற இடம் இந்தப் போட்டிகள்தான்.

அடுத்த நவம்பரிலும் நாங்கள் கேட்டுக்கொண்டுதான் இருப்போம். அந்த 4எஸ்7காரர் திரும்ப வருவார் எண்ட நம்பிக்கை இருக்கு. எதிர்ப்பக்கத்தில் இருக்கிறவர் அந்த நேரம் பில்டரைத் திறந்து வைத்திருந்தால் போதும்.