ரவுண்டா போடவா, சார்?

பெட்ரோல் வாசனை என்றால் சிலருக்கு உயிர். பங்க் வந்ததும் கார்க் கண்ணாடியை இறக்கி மூக்கை வெளியே நீட்டும் ஆசாமிகளை எனக்குத் தெரியும். அதே வாசனை, ராத்திரி பூட்டி நிறுத்திய காரிலிருந்து வந்தால் கொஞ்சம் கவலைப்பட வேண்டும்.

எங்கள் ஆபீஸ் ஆடிட் செக்‌ஷன் நண்பர் ஒருவரின் கார் இப்படித்தான் மணத்தது. டாஷ்போர்டில் மல்லிகை சென்ட் வைத்துப் பார்த்தார். மல்லிகை வாசனையில் பெட்ரோல் அடித்தது. மெக்கானிக் கேட்ட முதல் கேள்வி: "பங்க்ல ரவுண்டா போடச் சொல்வீங்களா, சார்?"

"ஆமாம்ப்பா, கணக்கு எழுத சௌகரியம்."

"அதான் சார் வியாதி!"

பெட்ரோல் சும்மா இருக்காது. டாங்க்கில் கிடந்தாலும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஒரு காலத்தில் அந்த ஆவி நேரே காற்றில் கலந்தது. வெயிலோடு சேர்ந்து லாஸ் ஏஞ்சலிஸ்காரர்களின் கண்ணை எரித்த புகைமூட்டத்தில் அதற்கும் பங்கு உண்டு. 1970 மாடல் கார்களிலிருந்து ஆவியைப் பிடித்து வைத்தாக வேண்டும் என்றது கலிஃபோர்னியா. பிடித்து வைப்பது ஒரு டப்பா கரி. நிற்கும்போது ஆவியை உறிஞ்சிக்கொள்ளும். வண்டி ஓடும்போது 'பர்ஜ் வால்வ்' திறந்து அதை எஞ்சினுக்கு அனுப்பும். அங்கே எரிந்துபோகும். 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 விதிப்படி தயாரான நம் ஊர் பெட்ரோல் பைக்குகளிலும் இந்தக் கேனிஸ்டர் இருக்கிறது.

கரி ஆவியைத் தாங்கும், பெட்ரோலையே தாங்காது. குழாய் 'டக்'கென்று நின்ற பிறகும் ரவுண்டுக்காகச் சொட்டுச் சொட்டாக ஊற்றினால், அது ஆவிக்குழாய் வழியே டப்பாவுக்குள் போய்விடலாம். கரி ஊறிப்போனால் நாற்றம்தான்.

வாசனை வந்தால் சுலபமானதில் ஆரம்பியுங்கள். முதலில் டாங்க் மூடி: ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா, 'க்ளிக்' கேட்கும்வரை திருகினீர்களா? அடுத்து ஆவிக்குழாய்களில் விரிசல், அப்புறம் கேனிஸ்டர். பெட்ரோல் போட்ட கையோடு ஸ்டார்ட் ஆகத் திணறினால், பர்ஜ் வால்வ் மூடாமல் மாட்டிக்கொண்டிருக்கலாம். டாஷ்போர்டில் விளக்கு எரியவில்லையே என்று சமாதானமாகாதீர்கள். விளக்குக்கு மூக்கு கிடையாது.

வண்டிக்கடியில் ஈரம் தெரிந்தால் துப்பறியும் வேலையெல்லாம் வேண்டாம். ஸ்டார்ட் செய்யாதீர்கள், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு ஊர்ந்து பேஸ்மென்ட் பார்க்கிங்கில் தேங்கும். அங்கே ஒரு தீப்பொறி போதும். தீ பிடிக்காவிட்டாலும், பெட்ரோலில் உள்ள பென்சீன் புற்றுநோய் தரும் சரக்கு. அதை முகர்ந்துகொண்டே ஆபீஸ் போய்வர வேண்டாம்.

இப்போதுதான் போனில் பணம் கட்டுகிறோமே, சில்லறைப் பிரச்னை ஏது? 1,987 ரூபாய் 40 காசு என்றால் அதையே அனுப்பலாம். அடுத்த முறை "ரவுண்டா போடவா, சார்?" என்று கேட்டால், "டக்குனு நின்னா விட்டுடுப்பா" என்று சொல்லுங்கள்.