நாற்பத்தாறு எழுத்தும் இருநூற்று நாற்பத்தேழு எழுத்தும்

அவுஸ்திரேலியாவில் வாழும் தமிழ்ப் பெற்றோர் பலர் அடிக்கடி கூறும் கூற்று ஒன்று உண்டு. "தமிழில் 247 எழுத்துக்கள். இந்த நாட்டிற் பிறந்த பிள்ளைக்கு அது பெருஞ்சுமை. பேசத் தெரிந்தாற் போதும், எழுத்து எதற்கு?" என்பதே அது. இதே பெற்றோரின் பிள்ளைகள் பலர் வார நாட்களிற் செல்லும் பாடசாலையில் யப்பானிய மொழியை ஒரு பாடமாகப் பயில்கின்றனர். ஹிரகனா எனப்படும் யப்பானிய எழுத்துக்களைக் கொப்பியில் விருப்போடு எழுதிப் பழகுகின்றனர். அதனைச் சுமை என்று எவரும் கூறுவதில்லை. மாறாக, பிள்ளை யப்பானிய மொழி எழுதுகிறது என்று விருந்தினருக்கு எடுத்துக்காட்டி மகிழ்கின்றோம்.

பிள்ளைகள் யப்பானிய மொழி கற்பது நல்லதே. அதனைக் குறைகூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயினும் இரு எழுத்து முறைகளையும் அருகருகே வைத்து நோக்கினால், தமிழெழுத்தைப் பற்றிய நம் அச்சம் எவ்வளவு ஆதாரமற்றது என்பது தெளிவாகும்.

யப்பானியர் தொடக்கத்தில் தமக்கெனத் தனி எழுத்து இல்லாதிருந்தனர். சீன எழுத்துக்களைப் பொருள் நீக்கி, ஒலிக்காக மட்டும் எடுத்துத் தம் மொழியை எழுதினர். 8ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட மன்யோஷு என்னும் பாடற்றொகை இவ்வாறே எழுதப்பட்டது. அவ்வெழுத்துக்களை விரைவாக எழுத எழுத, அவற்றின் கோடுகள் குறைந்து வளைந்து ஹிரகனா பிறந்தது. கற்றறிந்த ஆடவர் சீன மொழியில் எழுதுவதையே பெருமையாகக் கருதிய அக்காலத்தில், இவ்வெழுத்து "பெண் கை" என்று பெயர் பெற்றது. அந்தப் பெண் கையினாலேயே 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முரசாகி ஷிகிபு என்னும் அம்மையார் கெஞ்சியின் கதையை எழுதினார். இன்று யப்பானிய இலக்கியத்தின் சிகரமாகப் போற்றப்படுவது அந்நூலே. தாழ்வாகக் கருதப்பட்ட வீட்டு எழுத்தே அம்மொழியைக் காத்து வளர்த்தது என்பதனை நாம் மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும்.

ஹிரகனாவின் அடிப்படை எழுத்துக்கள் 46. அவற்றின் வரிசையைத் தமிழ்ப் பிள்ளை கேட்டால் வியப்படையும். உயிரெழுத்துக்கள் அ, இ, உ, எ, ஒ என்னும் ஐந்து. அவற்றை அடுத்துக் ககரம், சகரம், தகரம், நகரம், ஹகரம், மகரம், யகரம், ரகரம், வகரம் என வரிசைகள் செல்கின்றன. ஹகர வரிசை பண்டு பகரமாக ஒலித்தது என்பர் மொழியறிஞர். அதனைப் பகரமாகக் கொண்டு பார்த்தால், நம் நெடுங்கணக்கிற் சில எழுத்துக்களை மட்டும் விட்டுவிட்டு வாசிப்பது போன்றே அது இருக்கும். இதற்குக் காரணமும் உண்டு. யப்பானியப் பௌத்த துறவிகள் சமயநூல்களுக்காக வடமொழியெழுத்து முறையைக் கற்றனர். எழுத்துக்களை ஒலியின் பிறப்பிடங்கொண்டு வரிசைப்படுத்தும் இந்திய மரபு அவர்கள் வழியாக யப்பானிய மொழிக்குச் சென்று, காலப்போக்கில் இன்றைய வடிவில் நிலைபெற்றது.

தமிழுக்கும் யப்பானிய மொழிக்கும் இன்னும் நெருங்கிய உறவு உண்டு எனப் பேராசிரியர் சுசுமு ஓனோ (1919–2008) வாதிட்டார் என்பதனை வாசகர் பலர் அறிவர். அவருடைய ஆய்வுக்கு யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் ஆகியோர் துணைநின்றனர். மொழியியலாளரிற் பெரும்பாலோர் அக்கருத்தை ஏற்கவில்லை. நம் வாதத்திற்கு அது வேண்டியதுமன்று. எழுத்து வரிசையின் ஒற்றுமை ஒன்றே போதும்.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். 46 சிறிது, 247 பெரிது என்பது மேலோட்டமான கணக்கு. ஹிரகனாவில் க, கி, கு, கெ, கொ என்னும் ஐந்து ஒலிகளுக்கும் ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஐந்து வடிவங்கள் உள. ஒன்றைக் கற்றதனால் மற்றொன்றை ஊகிக்க இயலாது. 46 வடிவங்களையும் தனித்தனியே மனத்திற் பதிக்க வேண்டும். தமிழிலோ 12 உயிரும் 18 மெய்யும் கற்று, கால், கொம்பு, விசிறி முதலிய குறிகளை அறிந்த பிள்ளை, 216 உயிர்மெய்களிற் பெரும்பாலானவற்றைத் தானே ஆக்கிக்கொள்ளும். உகர, ஊகார வரிசைகளே சற்றுத் தனியாகப் பழக வேண்டியவை. முன்னர் இடர்தந்த ணா, றா, னா, லை முதலிய சில வடிவங்களும் 1978இல் தமிழ்நாட்டரசு மேற்கொண்ட சீர்திருத்தத்தின் வழியே ஒழுங்குபெற்றுவிட்டன.

யப்பானியப் பிள்ளையின் பணி 46 எழுத்தோடு முடிவதுமில்லை. பிறமொழிச் சொற்களையும் பிறநாட்டார் பெயர்களையும் எழுதக் கத்தக்கனா என்னும் இன்னொரு தொகுதி உண்டு. அதன் பின்னர் கன்ஜி எனப்படும் சீன எழுத்துக்கள். ஆரம்பப் பாடசாலையின் ஆறு ஆண்டுகளில் 1,026 கன்ஜி எழுத்துக்களை அங்குள்ள பிள்ளைகள் கற்கின்றனர். பொதுப் பயன்பாட்டுக்கென அரசு வகுத்த பட்டியலில் உள்ளவை 2,136. இத்தனையையும் ஒரு நாட்டின் பிள்ளைகள் அனைவரும் கற்கும்போது, நம் பிள்ளையின் மூளைக்கு மட்டும் தமிழெழுத்துப் பாரமாகிவிடும் என்பது பொருந்துமா?

ஒலியிலும் நம் பிள்ளைக்கு வாய்ப்பு மிகுதி. யப்பானிய மொழியில் "ஒபசன்" என்றால் மாமி. நடுவில் உள்ள ஒலியை நீட்டி "ஒபாசன்" என்றால் பாட்டி. "கிதெ" என்றால் வந்து. "கித்தெ" என்றால் முத்திரை. ஆங்கிலம் மட்டும் அறிந்த மாணவர் இவ்வேறுபாட்டிற் பெரிதும் இடர்ப்படுவர். படு, பாடு என்றும், எடு, எட்டு என்றும் பேசி வளர்ந்த பிள்ளைக்கு இது புதிதன்று. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று நாம் கற்பிப்பதையே யப்பானியரும் வேறொரு பெயரால் எண்ணுகின்றனர். அவர்களுடைய ஹைக்கு 5, 7, 5 என்று எண்ணப்படுவதும் இத்தகைய மாத்திரைக் கணக்கினாலேயே. தமிழ் கற்ற பிள்ளை யப்பானிய மொழியை எளிதாகக் கற்கும். ஒன்றைக் கைவிட்டாலன்றி மற்றொன்று வராது என்னும் எண்ணம் தவறு.

இவ்விடத்தில் ரோமன் எழுத்தைப் பற்றிக் கூறவேண்டியுள்ளது. 1946இல் யப்பானுக்குச் சென்ற அமெரிக்கக் கல்வித் தூதுக்குழு, ரோமன் எழுத்தைக் கைக்கொள்ளுமாறு பரிந்துரைத்தது. போரில் தோற்று, பிறர் ஆட்சிக்கு உட்பட்டிருந்த நிலையிலும் யப்பானியர் அதற்கு உடன்படவில்லை. அதே ஆண்டில் தம் எழுத்துக்கூட்டலைத் தாமே திருத்தி எளிதாக்கிக்கொண்டனர். யப்பானிய மொழி கற்பிக்கும் நல்லாசிரியர்கள் தொடக்கத்திலேயே ரோமன் எழுத்தை விலக்கிவிடுவதற்கும் காரணம் உண்டு. மழையைக் குறிக்கும் "அமெ" என்னும் சொல்லை ரோமன் எழுத்தில் எழுதினால், ஆங்கிலப் பழக்கமுடைய பிள்ளை அதனை "எய்ம்" என்று வாசிக்கும்.

நாமோ என்ன செய்கின்றோம்? விழா மேடையில் ஏறும் பிள்ளைக்குப் பேச்சை ரோமன் எழுத்தில் எழுதிக்கொடுத்து மனனஞ் செய்விக்கின்றோம். பலம், பழம், பாலம் ஆகிய மூன்றும் ரோமன் எழுத்தில் ஒரே தோற்றம் பெறுகின்றன. பிள்ளை எதனைக் கூறுகிறது என்பது அதற்கே தெரிவதில்லை. அவையோர் கைதட்டுகின்றனர்; பரிசும் கிடைக்கிறது. அடுத்த வாரம் அப்பேச்சில் ஒரு வரியேனும் பிள்ளையின் நினைவில் இல்லை. இது கற்பித்தல் அன்று.

ஹிரகனா கற்பிக்கும் முறையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளத்தக்கவை சில உள. முதலாவது, எழுத்தோடு சொல்லையும் உடனே கற்பித்தல். ஐந்து உயிரெழுத்துக்களை அறிந்த அன்றே பிள்ளை அஇ (அன்பு), இஎ (வீடு), உஎ (மேல்), அஒ (நீலம்) ஆகிய சொற்களை வாசித்துவிடும். தமிழிலும் ட, ப, ம ஆகிய மூன்று எழுத்தும் புள்ளியும் அறிந்த பிள்ளை படம், பட்டம், மடம், மட்டம் என்று வாசிக்கலாம். 247 கட்டங்கள் கொண்ட அட்டவணையை முதல் நாளே சுவரில் மாட்டி அச்சுறுத்த வேண்டியதில்லை.

இரண்டாவது, கோடுகளின் ஒழுங்கு. ஹிரகனாவின் அகரத்திற்கு மூன்று கோடுகள். எது முதலில், எது பின்னர் என்பது வரையறுக்கப்பட்டுள்ளது. நெ, ரெ, வ என்னும் மூன்றும் இடப்பக்கத்தில் ஒன்றுபோலிருந்து முடிவில் மட்டும் வேறுபடும். கையால் எழுதிப் பழகியவருக்கே அவ்வேறுபாடு கண்ணிற்படும். நம் ன, ண, எ, ஏ ஆகியவற்றிற்கும் இது பொருந்தும். கணினியில் தட்டுவது கையெழுத்துக்கு ஈடாகாது.

மூன்றாவது, கற்ற எழுத்தைக்கொண்டு வாசிப்பதற்கு நூல். யப்பானியச் சிறுவர் நூல்கள் முற்றும் ஹிரகனாவிலே, சொற்களுக்கிடையே இடம்விட்டு அச்சிடப்படுகின்றன. 46 எழுத்துக்களைக் கற்ற பிள்ளைக்கு உடனே ஒரு கதை காத்திருக்கிறது. நம் பிள்ளைகள் ஹிரகனாவை விரும்புவதற்கு அந்நாட்டுக் கேலிச்சித்திரப் படங்களும் கதைகளும் காரணம் என்பர் சிலர். அது உண்மையே. அதற்கு விடை நாமும் அத்தகைய கதைநூல்களை ஆக்குவதே. எழுத்துப் பயிற்சி முடிந்தவுடன் கடினமான கட்டுரைக்குத் தாவாது, சிறு சொற்களால் அமைந்த கதைநூல்களை நம் பாடசாலை நூலகம் சேர்த்தல் வேண்டும். எழுத்து வரிசையிலேயே அறிவுரை கூறும் ஆத்திசூடியை நாம் பெற்றிருக்கின்றோம். யப்பானியரும் இரோஹா என்னும் பழம்பாடலின் எழுத்து வரிசையிற் பழமொழிகளை அமைத்து, அவற்றைச் சீட்டு விளையாட்டாக்கிச் சிறுவருக்குத் தந்தனர். ஆத்திசூடியை அவ்வாறு விளையாட்டாக்க நமக்கு என்ன தடை?

பெற்றோரிடம் வேண்டுவது ஒன்றே. வார இறுதியில் இரண்டு மணி நேரம் மட்டும் எழுத்தைக் கண்ட பிள்ளை, அடுத்த வாரத்திற்குள் அதனை மறத்தல் இயல்பு. நாள்தோறும் பத்து நிமிடம், பிள்ளையின் அருகிலமர்ந்து, ஒரு பக்கம் வாசிக்கச் செய்யுங்கள். மேடைப் பேச்சைத் தமிழெழுத்தில் மட்டுமே கொடுங்கள். அது நான்கு வரியாகச் சுருங்கினும் தாழ்வில்லை.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு சொல். யாழினி என்னும் பெயருடைய சிறுமி தன் பெயரைக் கத்தக்கனாவில் எழுதினால் அது "யாரினி" என்றாகும். யப்பானிய மொழியில் ரகரமும் லகரமும் ழகரமும் ஒரே எழுத்திலே அடங்கிவிடும். அது அம்மொழியின் குறையன்று. அம்மொழிக்கு அவ்வொலிகள் வேண்டியதில்லை. ஆங்கிலத்திலும் அப்பெயரின் நடுவெழுத்துக்கு இடமில்லை. தமிழிலோ யாழினி யாழினியாகவே எழுதப்படும். ஹிரகனாவையும் கற்றுக்கொள்ளுங்கள், வேறு பல எழுத்துக்களையும் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் பெயரைப் பிழையின்றி எழுதவல்ல எழுத்தை முதலிற் கற்றுக்கொள்ளுங்கள்.