தோற்றவருக்கு 14 புள்ளி அதிகம்!

கணக்கு ஒருபோதும் பொய் சொல்லாது என்று பள்ளிக்கூடத்து வாத்தியார் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். அது வாஸ்தவந்தான். ஆனால் கேட்ட கேள்விக்கு மட்டுமே கணக்கு பதில் சொல்லும் என்பதை அவர் சொல்லாமல் விட்டுவிட்டார்.

எங்கள் வீட்டில் டென்னிஸ் விஷயத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. என் தம்பி, ஸ்விட்ஸர்லாந்து தேசத்து ரோஜர் பெடரரின் பரம பக்தன். என் சகதர்மிணியோ ஸெர்பியா தேசத்து நோவாக் ஜோகோவிச்சின் கட்சி. 2019 ஜூலை 14-ந் தேதி விம்பிள்டனில் இவ்விருவரும் ஆடிய இறுதிப் பந்தயத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால், தம்பி உடனே ஒரு காகிதத்தை எடுத்து நீட்டுவான். அதில் கண்டது பின்வருமாறு:

மொத்தப் புள்ளிகள்: பெடரர் 218, ஜோகோவிச் 204.
வென்ற கேம்கள்: 36, 32.
எதிரி தொடவும் முடியாத ஸர்வீஸ், அதாவது 'ஏஸ்': 25, 10.
புள்ளி ஈட்டிய வெற்றி அடிகள்: 94, 54.
எதிரியின் ஸர்வீஸ் கேமைப் பறித்தது: 7 தடவை, 3 தடவை.

"இன்னும் என்ன அத்தாட்சி வேண்டும்?" என்பான் தம்பி.

"அதெல்லாம் சரி, கோப்பை யார் கைக்குப் போயிற்று?" என்பாள் என் சகதர்மிணி.

ஜோகோவிச்சின் கைக்குத்தான் போயிற்று! 4 மணி 57 நிமிஷம் நடந்த பந்தயத்தை அவர் 7-6, 1-6, 7-6, 4-6, 13-12 என்று ஜயித்தார்.

இது எப்படி நேர்ந்தது? தேர்தலை நினைத்துப் பாருங்கள். நாடு முழுவதும் அதிக வோட்டு வாங்கிய கட்சி, குறைந்த தொகுதிகளில் ஜயித்து எதிர்வரிசையில் உட்காருவதுண்டு அல்லவா? டென்னிஸிலும் மொத்தப் புள்ளியை யாரும் கேட்பதில்லை. மூன்று ஸெட் யாருக்கு என்பதே கேள்வி. இரண்டாவது ஸெட்டில் பெடரர் 6-1 என்று வாரிக் குவித்த புள்ளிகளெல்லாம் அந்த ஒரு ஸெட்டோடு செலவாகிவிட்டன.

தம்பியின் காகிதத்தை நான் வேறு விதமாகப் பிரித்துப் பார்த்தேன். ஜோகோவிச் வென்ற மூன்று ஸெட்டும் சமநிலைக்கு வந்து, 'டை பிரேக்' என்னும் குறு ஆட்டத்தால் முடிவானவை. ஐந்தாவது ஸெட்டில் 12-12 ஆனால் அவ்வாறு முடிவு செய்வதென்ற விதி அந்த வருஷந்தான் விம்பிள்டனில் அமுலுக்கு வந்தது. இந்த மூன்று குறு ஆட்டங்களிலும் சேர்த்து ஆடப்பட்டவை 33 புள்ளிகள்: ஜோகோவிச்சுக்கு 21, பெடரருக்கு 12. மற்ற 389 புள்ளிகளில் பெடரருக்கு 206, ஜோகோவிச்சுக்கு 183. ஆகவே, பந்தயத்தின் பெரும்பகுதியில் மேலாக ஆடியவர் பெடரர். முடிவு தொங்கிக்கொண்டிருந்த சில நிமிஷங்களில் மேலாக ஆடியவர் ஜோகோவிச்.

பெடரருக்குச் சந்தர்ப்பமே கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஐந்தாவது ஸெட்டில் 8-7 என்று முன்னணியில் நின்று, தம் ஸர்வீஸில் 40-15 வரை வந்துவிட்டார். ஒரு புள்ளி கிடைத்தால் கோப்பை! முதல் தடவை அவர் அடித்த பந்து கோட்டுக்கு வெளியே போயிற்று. அடுத்த தடவை அவர் வலையை நோக்கி முன்னேற, ஜோகோவிச் அவருக்கு எட்டாதபடி பந்தைக் குறுக்கே செலுத்திவிட்டார். இதை அதிருஷ்டம் என்று தள்ளிவிடலாமா? 2010-லும் 2011-லும் அமெரிக்கப் போட்டியின் அரை இறுதிகளில் இதே பெடரருக்கு எதிராக, தோல்விக்கு ஒரு புள்ளியே பாக்கி என்ற கட்டத்தை இரண்டிரண்டு தடவை கடந்து ஜயித்தவர் ஜோகோவிச். இருவரும் மோதிய 50 பந்தயங்களில் கடைசிக் கணக்கு ஜோகோவிச்சுக்கு 27, பெடரருக்கு 23.

2022-ல் ஓய்வு பெற்ற பெடரர், 2024-ல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் தம் கணக்கைத் தாமே சொன்னார். அவர் ஆடிய 1,526 ஒற்றையர் பந்தயங்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 80 வெற்றி; ஆனால் புள்ளிகளிலோ நூற்றுக்கு 54 மட்டுமே! உலகம் கொண்டாடிய அந்த ஆட்டக்காரரும் கிட்டத்தட்டப் பாதிப் புள்ளிகளை இழந்தவர்தாம். இழந்த புள்ளியை அங்கேயே விட்டுவிட்டு அடுத்ததற்கு முழு மனத்துடன் நிற்பதே வித்தை. அதை நன்கு அறிந்த பெடரர், விம்பிள்டனில் அன்று தம்மைவிட அதை அறிந்த ஒருவரைச் சந்தித்தார்.

33 புள்ளிகளை நான் தனியாகப் பிரித்துக் காட்டியதிலிருந்து தம்பி என்னோடு சரியாகப் பேசுவதில்லை. என் சகதர்மிணியோ, "இதற்கு ஒரு காகிதமும் பென்ஸிலும் வேண்டுமா? நான்தான் அன்றைக்கே சொன்னேனே!" என்கிறாள்.