பிரியாவிடை யாருக்கு?
(வகுப்பு 10 'அ')

ஆண்டுதோறும் பிப்ரவரி மாதம் வந்துவிட்டால் எங்கள் பள்ளியில் இரண்டு பிரியாவிடை விழாக்கள் நடைபெறும். ஒன்று பன்னிரண்டாம் வகுப்பு அக்காமாருக்கு. மற்றொன்று பத்தாம் வகுப்பினராகிய எங்களுக்கு. முதல் விழாவில் கண்ணீர் பெருகும்; இரண்டாவதில் சிரிப்பே மிகும். "உங்களுக்கு என்னடி பிரிவு? ஜூன் மாதம் இதே வாசலில்தானே நிற்கப் போகிறீர்கள்!" என்று அக்காமார் கேலி செய்வார்கள். ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளோ, "பத்தாம் வகுப்புக்கு விழாவே வேண்டாம், அந்தப் பணத்தில் ஒரு நாள் சுற்றுலா போகலாம்" என்கிறார்கள்.

வேண்டும் என்பதே எங்கள் கட்சி. சொல்லப்போனால், இரண்டில் மிகவும் வேண்டிய விழா எங்களுடையதுதான். ஆனால் அது நடக்கும் முறை மாற வேண்டும்.

நம் பாட்டிமார் காலத்தில் பதினோராம் வகுப்போடு, எஸ்.எஸ்.எல்.சி. எழுதிப் பள்ளிப் படிப்பு முடிந்தது. அதன்பின் கல்லூரியில் பி.யூ.சி. ஆகவே அன்றைய விடை அனைவருக்கும் பொதுவான விடை. 1978-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி வந்தது. அன்றுமுதல் பத்தாம் வகுப்பு பாதி வழியில் உள்ள சத்திரம்போல் ஆகிவிட்டது. பெரும்பாலோர் சற்றே இளைப்பாறி மேலே நடக்கிறார்கள். சிலர் அங்கிருந்தே வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் எல்லாரும் பிரிகிறார்கள். அது எல்லாருக்கும் தெரியும். பத்தாம் வகுப்பில் சிலர் மட்டும் பிரிகிறார்கள். அதுவும் எவருக்கும் தெரியாமல் பிரிகிறார்கள். கேக் வெட்டும்போது கைதட்டிச் சிரிக்கும் முகங்களில் எந்த முகம் ஜூன் மாதம் காணாமற்போகும் என்பதை யார் அறிவார்?

எங்கள் வகுப்பின் கதையைச் சற்றுச் சொல்ல அனுமதியுங்கள். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது நாங்கள் நான்காம் வகுப்பில் இருந்தோம். 2021-இல் ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோதும் பள்ளிக் கதவு திறக்கவில்லை. கல்வித் தொலைக்காட்சியிலும், அடுத்த வீட்டார் இரவல் தந்த கைப்பேசியிலும் பாடம் படித்தோம். நவம்பர் 1-ஆம் நாள்தான் இந்த வாசலை முதன்முதலாக மிதித்தோம். அப்போது எல்லாரும் முகக்கவசம் அணிந்திருந்தோம். பல மாதங்கள் ஒருவரையொருவர் கண்களைக் கொண்டே அறிந்தோம். கவசம் கழன்ற நாளில், "உனக்குத் தெற்றுப்பல்லா?" "உன் கன்னத்தில் குழி விழுமா?" என்று ஒருவர் முகத்தை ஒருவர் வியந்து பார்த்தோம்.

எட்டாம் வகுப்பில் 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் பெய்த மழையை எப்படி மறப்போம்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. தூத்துக்குடித் தெருக்களில் படகு ஓடியது. எங்களில் பலரது புத்தகங்கள் ஊறிக் கூழாயின. பள்ளி திறந்தபின் ஒரு கணக்குப் புத்தகத்தை மூவர் வைத்துக்கொண்டு படித்தோம். அதில் விழுந்த சேற்றுக்கறை இன்னும் போகவில்லை.

இவை தவிர அன்றாட நினைவுகள் எத்தனை! நண்பகல் மணியடித்ததும் மூவேளைச் செபத்துக்காகப் பள்ளி முழுவதும் ஒரு நிமிடம் அசையாமல் நிற்பது; கெபியின் முன்னே அக்டோபர் மாதச் செபமாலை; வேப்பமரத்தடியில் ஒருத்தியின் மீன்குழம்பும் மற்றொருத்தியின் தயிர்சாதமும் கலந்துபோகும் மதிய உணவு; பிறந்தநாளுக்கு மிட்டாய்க்குப் பதிலாக வரும் மக்ரூன். மறைக்கல்வி வகுப்பில் ஒரு பகுதியினரும் நன்னெறி வகுப்பில் மறு பகுதியினருமாக வாரத்தில் சில மணி நேரமே நாங்கள் பிரிந்து உட்கார்ந்தோம். மற்றபடி கிறிஸ்துமஸ் கேக்கும், பெருநாள் பிரியாணியும், பொங்கல் கரும்பும் ஒரே பெஞ்சின்மீதுதான் வந்து சேர்ந்தன.

இவ்வளவு சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு ஆட்டோகிராபில் நான்கு வரி எழுதிக்கொடுத்தால் கடமை முடிந்ததா? "என்றும் மறவாதே" என்று எழுதுகிறோம். மறவாமல் இருப்பது என்றால் என்ன என்பதை யாரும் எழுதுவதில்லை.

ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறைக்குப்பின் எங்கள் வகுப்பில் இருவர் வரவில்லை. ஒருத்தி வீட்டுக்கு, அவள் ஊர் பேருந்தில் வரும் மூவர் வகுப்பாசிரியையோடு சென்றனர். அவள் தாயார் திண்ணையில் உட்கார வைத்து, "நான் மீன் கம்பெனி வேலைக்குப் போயிருதேன், சின்னவனப் பாக்க ஆள் வேணும்லா, டீச்சர்?" என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. அடுத்த தெருவிலேயே அங்கன்வாடி இருப்பதையும், காலையில் தம்பியை அங்கே விட்டுவிட்டு அக்காள் பேருந்தைப் பிடிக்கலாம் என்பதையும் அம்மூவரே எடுத்துச் சொன்னார்கள். அடுத்த திங்கட்கிழமை அவள் வகுப்புக்கு வந்துவிட்டாள். மற்றொருத்தி எங்கே இருக்கிறாள் என்று விசாரித்தபோது, குடும்பமே ஊர் மாறிவிட்டது என்றார்கள். பழைய எண்ணில் யாரும் எடுக்கவில்லை. வருகைப் பதிவேட்டில் அவள் பெயர்மேல் ஒரு சிவப்புக் கோடு விழுந்தது. இருவரும் சமமாகப் படித்தவர்கள். ஒருத்தியின் வீட்டுக்கு வழி தெரிந்தவர்கள் இருந்தார்கள் என்பது ஒன்றே வேறுபாடு.

பத்தாம் வகுப்பு முடிந்தபின் இந்த ஆபத்து பன்மடங்கு ஆகிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயது முதல் பதினான்கு வயது வரைதான் கட்டாயக் கல்வி தருகிறது. அந்த வேலியை நாங்கள் தாண்டிவிட்டோம். 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் பெண்ணுக்குப் பதினெட்டு வயது ஆகும்வரை திருமணம் கூடாது என்கிறது. பதினைந்து வயதுக்கும் பதினெட்டு வயதுக்கும் இடையே, ஒரு பெண் வீட்டில் சும்மா இருந்தால் "ஏன் படிக்கவில்லை?" என்று கேட்கச் சட்டத்தில் ஆள் இல்லை. அந்த இடைவெளியில்தான் தம்பியின் படிப்புச் செலவு, தூரத்துப் பேருந்து, மில் வேலைக்கு ஆள் பிடிக்க வரும் தரகர், "நல்ல இடம் வந்திருக்கிறது" என்ற பேச்சு எல்லாம் நுழைகின்றன. கேட்க ஆள் வேண்டும். ஐந்தாண்டுகள் ஒரே பெஞ்சில் அமர்ந்த தோழியைவிடக் கேட்க உரிமை உள்ளவர் யார்?

திருவள்ளுவர் நட்பைப்பற்றி ஐந்து அதிகாரங்கள் வைத்திருக்கிறார். அவற்றுள் ஒன்று 'பழைமை'. நெடுநாள் பழகியவர்க்கு நண்பரிடம் ஓர் உரிமை உண்டு. அழைக்காமலே வரலாம், கேட்காமலே உதவலாம் என்பது அதன் சாரம். அந்த உரிமையைப் பயன்படுத்துங்கள் என்றுதான் எங்கள் தோழியரைக் கேட்கிறோம். நம் விசுவாசமும் இதையே காட்டுகிறது. இறுதி இராவுணவின்போது ஆண்டவர் சீடர்களுக்கு நீண்டதொரு பிரியாவிடை உரை ஆற்றியதாக யோவான் நற்செய்தியில் படிக்கிறோம். அவ்வுரைக்கு முன்னர் அவர் பந்தியிலிருந்து எழுந்து, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு அவர்கள் பாதங்களைக் கழுவினார். முதலில் பணி, பிறகே பேச்சு.

ஆகையால் நாங்கள் சொல்லும் யோசனை இது. விழாவன்று ஆட்டோகிராபோடு கூட, வகுப்புக்கென்று ஒரு நீள நோட்டு வைப்போம். அதில் ஒவ்வொருவரின் பெயர், தெரு, பேருந்து எண், வீட்டில் எடுக்கக்கூடிய இரண்டு தொலைபேசி எண்கள் இருக்கட்டும். ஒரே வழியில் வருவோர் ஐவர் ஐவராகச் சேர்ந்து ஒரு குழு. தேர்வு முடிவு வரும் நாளிலும், பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை நாளிலும் ஐவரில் ஒருத்தி வரவில்லையென்றால் மற்ற நால்வரும் ஆசிரியையிடம் சொல்லி, பெரியவர் ஒருவருடன் அவள் வீட்டுக்குப் போக வேண்டும். திருமணப் பேச்சென்று தெரிந்தால் சிஸ்டரிடம் சொல்ல வேண்டும். குழந்தைகளுக்கான 1098 எண்ணும் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கட்டும். பரிசுப்பொருளுக்கும் அலங்காரத்துக்கும் சேரும் பணத்தில் பாதியை விண்ணப்பக் கட்டணத்துக்கும் பேருந்துச் செலவுக்கும் ஒதுக்கலாம். கேக் சற்றுச் சிறியதானால் யாரும் அழப்போவதில்லை.

தவறியவர்களை விட்டுவிடக் கூடாது. ஒரு பாடத்தில் போனால் எல்லாம் போயிற்று என்று எண்ணும் வீடுகள் பல. துணைத்தேர்வு உண்டு. பிளஸ் ஒன் வேண்டாம் என்போருக்குப் பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு டிப்ளமோ உண்டு, ஐ.டி.ஐ. உண்டு. 2022 செப்டம்பர் 5-ஆம் நாள் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரி செல்லும் மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் என்று ஏற்பாடு. 2024 டிசம்பர் 30-ஆம் நாள் அது அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழி பயின்றோருக்கும் விரிவாக்கப்பட்டது. இவற்றையெல்லாம் விழா மேடையிலேயே ஐந்து நிமிடம் எடுத்துச் சொன்னால் என்ன? பெற்றோரும் அன்று வருகிறார்களே!

"பதினைந்து வயதுப் பிள்ளைகள் பெரியவர்கள் விஷயத்தில் தலையிடலாமா?" என்று சிலர் கேட்கலாம். அன்புள்ள பெற்றோரே, உங்கள் கஷ்டம் எங்களுக்குத் தெரியாததன்று. உப்பளத்தில் காலையிலேயே பாத்தியில் இறங்கும் கால்களையும், காற்று காரணமாகக் கடலுக்குப் போகாத நாள்களில் வீட்டில் நிலவும் அமைதியையும் நாங்கள் பார்த்து வளர்ந்தவர்கள். எதிர்த்து வாதாட நாங்கள் வரவில்லை. தெரிந்த வழியைச் சொல்லவே வருகிறோம். முடிவு உங்களுடையது. எங்கள் தோழி ஏன் வரவில்லை என்று கேட்க மட்டும் இடம் கொடுங்கள்.

"மகிழ்ச்சியான நாளில் இந்தக் கவலை எதற்கு?" என்று சொல்லும் தோழியரும் உண்டு. நாங்களும் மகிழ்ச்சியை விரும்புகிறவர்களே! 1963-இல் வந்த 'இரத்தத் திலகம்' படத்துக்காகக் கவிஞர் கண்ணதாசன் எழுதிய பிரிவுப் பாடலை இவ்வாண்டும் பாடுவோம், வழக்கம்போல் அழுவோம். பாடி முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த நோட்டில் வீட்டு முகவரியை எழுதுவோம் என்றுதான் சொல்கிறோம்.

எங்களுக்கு எழுத்தறிவித்து, பிழை திருத்தி, மழைக்காலத்தில் நனைந்து வந்தால் மாற்றுடை தந்து காத்த சகோதரிகளுக்கும் ஆசிரியைகளுக்கும் எங்கள் நன்றி. தங்கைகளே, அடுத்த ஆண்டு இந்த விழா உங்களுடையது. அதை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். வரும் மார்ச்சில் நாங்கள் 42 பேர் பொதுத்தேர்வு எழுதப் போகிறோம். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நாளன்று நீங்கள் வாசலில் நின்று எங்களை எண்ணுங்கள். குறைந்தால், எங்கே என்று எங்களைக் கேளுங்கள். 42 பேருக்கும் பதில் சொல்ல இறைவன் எங்களுக்கு அருள்புரிவாராக!