பன்னிரண்டாவது ஆள்

பதினொருவர் ஆடும் ஆட்டத்தில் பன்னிரண்டாவது ஆளுக்கு என்ன வேலை? ஒரு வேலையும் இல்லை என்றுதான் ஆட்டத்தின் சட்டம் சொல்லும். ஆனால் அமெரிக்காவில் டெக்ஸாஸ் ராஜ்யத்திலுள்ள ஒரு கலாசாலையில், ஆடிய பதினொருவரின் பெயரை மறந்தவர்களும் ஆடாத அந்த ஒருவரின் பெயரை மறப்பதில்லை. அவருக்குச் சிலை எடுத்து வைத்திருக்கிறார்கள். நூறு வருஷங்களுக்குப் பிறகும் அவரை நினைத்து ஆயிரமாயிரம் மாணாக்கர்கள் ஆட்டம் முடியும் வரையில் உட்காராமல் நிற்கிறார்கள். அந்தக் கதையையும், அதன் வழியே விளைந்த நன்மை தீமைகளையும் இந்த வாரம் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்கர்கள் 'புட்பால்' என்று சொல்வது, நம் பையன்கள் காலால் உதைத்து ஆடும் ஆட்டம் அன்று. அவர்களுடைய பந்து உருண்டையாய் இராது. இரு முனையும் கூர்ந்து நீண்டிருக்கும். அதைக் கையால் எறிவார்கள். மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுவார்கள். மைதானத்தின் நீளம் 100 கஜம். பந்தை வைத்திருக்கும் கட்சி நான்கு முயற்சிகளுக்குள் 10 கஜமாவது முன்னேற வேண்டும். தவறினால் பந்து எதிர்க் கட்சிக்குப் போய்விடும். எதிரியின் எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டால் 6 புள்ளிகள். தலையில் கவசம் அணிந்து ஒருவர்மேல் ஒருவர் மோதும் ஆட்டமாகையால், கையும் காலும் முறிவது அபூர்வமன்று.

நான் சொல்லும் கலாசாலை 1876-ஆம் வருஷத்தில், விவசாயமும் இயந்திரத் தொழிலும் கற்பிப்பதற்காகத் திறக்கப்பட்டது. டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் என்பது இன்றைய பெயர். சுற்றிலும் வெட்ட வெளியாயிருந்த இடத்தில் கலாசாலைக்காக ரயில் நின்றதனால், அங்கே வளர்ந்த ஊருக்கும் 'காலேஜ் ஸ்டேஷன்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. நெடுங்காலம் அங்கே ஆடவர் மட்டுமே படித்தார்கள். படித்தவர்கள் ராணுவப் பயிற்சியும் பெற்றார்கள். 1963-ல் பெண்களுக்குக் கதவு திறந்தது. 1965-ல் ராணுவப் பயிற்சி கட்டாயம் என்பது நீங்கியது.

1894-ல் அங்கே புட்பால் கட்சி ஏற்பட்டது. ஆனால் சொந்தமாக ஒரு மைதானம் இல்லை. எட்வின் ஜாக்ஸன் கைல் என்பவர் அங்கே தோட்டக்கலை ஆசிரியர். பரிசோதனைப் பயிர் வைப்பதற்காகத் தமக்கு ஒதுக்கப்பட்ட நிலத்தில் ஒரு பகுதியை 1904-ல் வேலியடைத்து, பிள்ளைகள் ஆடுவதற்கென்று விட்டுவிட்டார். கத்தரியும் வெங்காயமும் காய்க்க வேண்டிய இடத்தில் வேறொரு பயிர் வளர்ந்தது! இன்று அந்தக் கைல் மைதானத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அமரலாம். 2014-ஆம் வருஷம் அக்டோபரில் ஒரு நாள் ஆட்டத்துக்கு 1,10,633 பேர் வந்திருந்தார்கள்.

இனிப் பன்னிரண்டாவது ஆளின் கதை. 1922-ஆம் வருஷம் ஜனவரி 2-ஆம் தேதி, டல்லாஸ் நகரில் பந்தயம். எதிர்க் கட்சி கென்டக்கி ராஜ்யத்துச் சென்டர் கலாசாலை. சிறிய கலாசாலைதான், ஆனால் அதற்கு இரண்டு மாதம் முந்தித்தான் மகா கீர்த்தி வாய்ந்த ஹார்வர்டை 6-க்கு 0 என்று தோற்கடித்து, தேசம் முழுவதையும் மூக்கில் விரல் வைக்கச் செய்திருந்தது. டெக்ஸாஸ் வீரர்கள் தைரியமாகவே ஆடினார்கள். ஆயினும் ஒருவர்பின் ஒருவராகக் காயமடைந்து வெளியேறினார்கள். இன்னும் ஓரிருவர் விழுந்தால் பதினொருவரை நிறுத்த முடியாது என்ற நிலைமை வந்தது.

அச்சமயம் கிங் கில் என்ற இரண்டாம் வருஷ மாணாக்கர், பத்திரிகைக்காரர்கள் உட்காரும் மேல் தட்டில் இருந்தார். அவர் புட்பால் கட்சியில் இருந்தவர்தாம். கூடைப்பந்து ஆடும் பருவம் வந்ததும் விலகியிருந்தார். மைதானத்தில் யார் யார் எங்கே ஆடுகிறார்கள் என்று ஒரு நிருபருக்கு அடையாளம் சொல்லிக்கொண்டிருந்தார். பயிற்சியாளர் டானா பைபிள் அவரைக் கீழே வரும்படி அழைத்தார். கில் மறுவார்த்தை பேசாமல் இறங்கி வந்தார். காயமடைந்த ஒருவருடைய உடுப்பை ஆசனங்களின் அடியில் மறைவாக நின்று அணிந்துகொண்டார். மைதானத்தின் ஓரத்தில் வந்து நின்றார்.

நின்றார் என்பதோடு கதை முடிகிறது. அவரை ஆட அழைக்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. டெக்ஸாஸ் கட்சி 22-க்கு 14 என்று ஜயித்தது. கில் பிற்காலத்தில் வைத்தியராகி வாழ்ந்து 1976-ல் காலமானார். ஒரு கஜ தூரம்கூட ஓடாத அந்த ஆட்டமே அவருக்கு அழியாப் பெயரைத் தந்தது. "அவசியம் நேர்ந்தால் நாங்களும் இறங்கத் தயார்" என்று காட்டுவதற்காகவே அந்தக் கலாசாலையின் மாணாக்கர்கள் ஆட்ட நேரம் முழுவதும் நிற்கிறார்கள். இது வெறும் பாவனை அன்று என்பதற்கும் ஒரு சான்று உண்டு. 1983-ல் ஜாக்கி ஷெரில் என்ற பயிற்சியாளர், உபகாரச் சம்பளம் எதுவும் பெறாத சாதாரண மாணாக்கர்களைப் பொறுக்கியெடுத்து, ஆட்டத் தொடக்கத்தில் பந்தை உதைத்துவிட்டு எதிரியைத் தடுக்கும் வேலையை அவர்களிடமே ஒப்படைத்தார்.

ஆட்ட நாளின் திருவிழா முதல் நாள் நள்ளிரவிலேயே ஆரம்பமாகிவிடும். பல்லாயிரம் பேர் மைதானத்தில் கூடி, மறுநாள் எழுப்ப வேண்டிய கோஷங்களை ஒத்திகை பார்ப்பார்கள். மாணாக்கர்களே தேர்ந்தெடுத்த ஐந்து தலைவர்கள் முன்னே நின்று கையால் ஜாடை காட்டுவார்கள். அந்த ஜாடை வரிசை வரிசையாகப் பின்னே பரவும். பிறகு ஒரே குரல் கிளம்பும். மறுநாள் ராணுவ உடுப்பணிந்த மாணாக்கர்கள் அணிவகுத்து வருவார்கள். நடு இடைவேளையில் நூற்றுக்கணக்கானோர் கொண்ட வாத்தியக் கோஷ்டி இம்மியும் பிசகாமல் நடந்துகொண்டே வாசிக்கும். கலாசாலையின் போர்ப் பாட்டைப் பாடும்போது ஒருவர் தோளை ஒருவர் தழுவி இடமும் வலமுமாக அசைவார்கள். மேல் மாடமே அசைவது போலிருக்கும். தங்கள் கட்சி எல்லைக் கோட்டைத் தாண்டினால், ஆடவன் தன்னோடு வந்த பெண்ணை முத்தமிடுவதும் அங்கே சம்பிரதாயம்! நம் வீட்டுப் பாட்டிமார் இந்த இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். நானும் மேலே செல்கிறேன்.

இவ்வளவு கூச்சலால் பயன் உண்டா என்றால், உண்டு. எதிர்க் கட்சியிடம் பந்து இருக்கும்போது அவர்களுடைய தலைவன் தன் ஆட்களுக்குக் குரலால் கட்டளை கொடுக்க வேண்டும். லட்சம் தொண்டைகள் முழங்கினால் அந்தக் கட்டளை பக்கத்தில் நிற்பவன் காதிலும் விழாது; ஒருவன் முன்னதாக அசைந்தால் 5 கஜம் தண்டனை. தங்கள் கட்சியிடம் பந்து வந்ததும் அதே கூட்டம் அடங்கிப்போகும். எப்போது முழங்குவது, எப்போது அடங்குவது என்று அறிந்த கூட்டமே ஆட்டத்தில் பங்கு கொண்ட கூட்டமாகும். ஊர் கூடித் தேர் இழுக்கும்போது வடத்தைத் தொட்டவர் எல்லோரும் ஒரே சமயத்தில் மூச்சுப் பிடிப்பது போன்றது இது.

ஒரு நாயின் கதையையும் சொல்லாமல் விட முடியாது. 1931-ல் மோட்டாரில் அடிபட்ட ஒரு நாயை மாணாக்கர்கள் எடுத்து வந்து வைத்துக்கொண்டார்கள். காலைத் துயிலெழுப்பும் எக்காளத்தைக் கேட்டு அது குரைத்ததனால், அந்த எக்காளத்தின் பெயரான 'ரெவெலி' என்பதையே அதற்குச் சூட்டினார்கள். அன்று முதல் ஒன்றன்பின் ஒன்றாக ரெவெலிகள் கலாசாலையின் சின்னமாக விளங்குகின்றன. இறந்த நாய்களை மைதானத்தின் வாயிலுக்கு அருகில் புதைத்திருக்கிறார்கள். மைதானத்தைப் பெரிதாக்கியபோது புள்ளிப் பலகை அங்கிருந்து தெரியாமல் மறைந்துவிட்டது. உடனே அந்தக் கல்லறைகள் பார்ப்பதற்கென்றே தனியாக ஒரு சிறு பலகை வைத்தார்கள்! சிரிப்பு வருகிறது, ஆனால் சிரித்து முடித்தபின் மனத்தில் ஏதோ தங்குகிறது.

இத்தகைய பக்தி எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவு அபாயமானதும் ஆகும். வருஷந்தோறும் டெக்ஸாஸ் சர்வகலாசாலையோடு ஆடும் பந்தயத்துக்கு முன்னால் பெரிய சொக்கப்பானை ஒன்று கொளுத்துவது இவர்கள் வழக்கம். 1909-ல் குப்பை கூளங்களைக் கொண்டு தொடங்கிய வழக்கம், பிறகு மாணாக்கர்களே காட்டில் மரம் வெட்டி, கோபுரம் போல் அடுக்கிக் கட்டும் காரியமாக வளர்ந்தது. 1969-ல் அதன் உயரம் 109 அடி. 1963-ல் மட்டும், ஜனாதிபதி கென்னடி கொலையுண்ட துக்கத்தினால், கட்டியதைக் கொளுத்தாமலே பிரித்துவிட்டார்கள்.

1999-ஆம் வருஷம் நவம்பர் 18-ஆம் தேதி, விடிவதற்கு வெகு நேரம் முன்பு, இரவு 2.42 மணிக்கு, சுமார் 5,000 மரங்கள் கொண்ட அடுக்கு சரிந்து விழுந்தது. அதன்மேல் வேலை செய்துகொண்டிருந்தவர்களில் 12 பேர் மாண்டார்கள். 27 பேர் காயமடைந்தார்கள். மாண்டவர்களில் பதினொருவர் மாணாக்கர்கள். ஒருவர் முன்பு படித்துத் தேறியவர்.

2000-ஆம் வருஷம் மே மாதத்தில் விசாரணைக் குழு அறிக்கை கொடுத்தது. மேல் அடுக்கு மரங்களைக் கீழ் அடுக்கினுள் ஆப்புப் போல் செருகியதனால் கீழ் அடுக்கு வெளியே பிதுங்கியது. அதைத் தாங்கும் கட்டுப் போதவில்லை. இது பௌதிகக் காரணம். ஆனால் குழு இதோடு நிற்கவில்லை. இவ்வளவு பெரிய கட்டடத்தை எஞ்சினீயரின் திட்டமில்லாமல் பிள்ளைகளிடமே விட்டு, கலாசாலை போதிய மேற்பார்வை செய்யவில்லை என்பதையும் எடுத்துக் காட்டியது.

பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் தொழிலில் இருப்பவன் இந்த வாக்கியத்தை எளிதாகத் தாண்டிப் போக முடியாது. "இறங்கி வா" என்றால் மறுவார்த்தை பேசாமல் இறங்கி வரும் குணம் இளைஞர்களிடம் இயல்பாகவே இருக்கிறது. ஆகவே கூப்பிடுகிறவர்களுக்குத்தான் பொறுப்பு அதிகம். கிங் கில்லை அழைத்தவர், அவசியமின்றி அவரைக் களத்தில் தள்ளவில்லை. மரக் கோபுரத்தின்மேல் ஏறிய பிள்ளைகளோ, ஏறாதே என்று சொல்ல வேண்டிய பெரியவர்கள் சொல்லாததனால் ஏறினார்கள். பழைய வழக்கம் என்ற ஒன்றே போதிய பாதுகாப்பு ஆகாது.

துயரம் நிகழ்ந்து எட்டு நாட்களில் பந்தயம் நடந்தது. பரம விரோதிகளான டெக்ஸாஸ் சர்வகலாசாலையின் வாத்தியக் கோஷ்டி அன்று இறந்தவர்களுக்காக இரங்கற் கீதம் வாசித்து, தொப்பியைக் கழற்றி மௌனமாக நின்றது. ஏ அண்ட் எம் கட்சி 20-க்கு 16 என்று வென்றது. அதன்பின் கலாசாலை அந்தச் சொக்கப்பானையை நடத்தவில்லை. சில மாணாக்கர்கள் வெளியிடத்தில் தங்கள் பொறுப்பில் நடத்துகிறார்கள். 2024-ல் மீண்டும் கலாசாலைக்குள் கொண்டுவரலாமா என்ற பேச்சு எழுந்தபோது, அன்றைய தலைவர் கூடாதென்று தீர்மானித்தார். விபத்து நிகழ்ந்த இடத்தில் 2004 முதல் நினைவுச் சின்னம் நிற்கிறது.

மற்றொரு மாறுதலும் நேர்ந்திருக்கிறது. 'பன்னிரண்டாவது ஆள்' என்ற சொல் இப்போது பதிவு செய்யப்பட்ட வியாபாரச் சின்னம். அதைப் பயன்படுத்திய ஸியாட்டில் நகரத்துத் தொழில்முறைக் கட்சியின்மீது 2006-ல் கலாசாலை வழக்குத் தொடுத்து, பிறகு சமாதானமாகியது. 2023-ல் ஒரு பயிற்சியாளரை ஒப்பந்தம் முடியுமுன் நீக்கியதற்காக அவருக்குச் சேர வேண்டிய தொகை 7½ கோடி டாலருக்கும் மேல்! கூலி கேளாமல் இறங்கி வந்த ஒரு மாணாக்கரின் பெயரால் நிற்கும் கூட்டத்தின் எதிரே இந்தத் தொகை சற்று விகாரமாகவே தோன்றுகிறது.

ஆயினும் கூட்டம் நிற்கிறது. மழையிலும் வெயிலிலும் தோல்வியிலும் நிற்கிறது. உலகத்தில் பெரும்பாலோருக்குக் களத்தில் இறங்கும் வேளை வருவதில்லை. வராவிட்டாலும் ஆயத்தமாக நிற்பது வீண் அன்று என்பதைக் கிங் கில்லின் கதை சொல்கிறது. ஆயத்தமாக நிற்கும் இளைஞரைக் காப்பது பெரியவர் கடமை என்பதை அந்தப் பன்னிருவரின் நினைவுச் சின்னம் சொல்கிறது. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் கற்றுக்கொண்டால் போதாது.